எந்த லைன்?

எங்கள் வீட்டில் யாராவது லைன் என்று சொன்னால், எந்த லைன் என்று கேட்டுத்தான் ஆகவேண்டும். அப்பா தந்தி தபால் இலாகாவில் லைன்மேன். அப்பாவின் அக்கா, என் அத்தை, மூணாறு மலையில் எஸ்டேட் லைனில் குடியிருந்தார். 'லைன்ல ஏதோ பிரச்சனையாம்' என்று அம்மா சொன்னால், கம்பி அறுந்துபோயிற்றா, அத்தை வீட்டுப் பக்கம் ஏதும் வில்லங்கமா என்பது முழுதாகக் கேட்கும்வரை தெரியாது. கோவில்பட்டி வட்டாரத்தில் இப்படி மலையோடு உறவு வைத்திருந்த வீடு எங்களுடையது மட்டுமில்லை. கயத்தாறு, சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல் ஊர்களில் வானம் பொய்த்த வருஷங்களிலெல்லாம் குடும்பம் குடும்பமாக மேலே போனார்கள். 'மலைக்குப் போயிட்டாங்க' என்றால் தேயிலைக்குப் போய்விட்டார்கள் என்று பொருள்.

கோடு, வரிசை என்று அகராதி பார்த்துச் சொல்லிவிடலாம். ஆனால் வேலை, வீடு, கடன், தண்ணீர், மண்ணெண்ணெய், பயணம், சாவுச் செய்தி என்று என் வாழ்க்கையில் வந்ததெல்லாம் ஏதோ ஒரு லைன் வழியாகத்தான் வந்தது. அந்த லைன்களைப் போட்டவர்களைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். போட்டவர்களுக்கு அது எப்போது வந்து சேர்ந்தது என்பதையும் பார்த்திருக்கிறேன். எழுத வேண்டும் என்று நினைத்தது அதைத்தான்.

முதலில் அப்பாவின் லைன். எழுபதுகளில் கோவில்பட்டியைச் சுற்றி ரோட்டோரமும் தண்டவாளத்தோரமும் இரும்புக் குழாய்க் கம்பங்கள் நிற்கும். உச்சியில் குறுக்குச் சட்டம், சட்டத்தில் வெள்ளைப் பீங்கான் கப்புகள், ஒவ்வொரு கப்பின் கழுத்திலும் சுற்றிக் கட்டிய கம்பி. கம்பத்தில் காதை வைத்தால் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் கேட்கும். தந்தி போகிறது என்று நாங்கள் நம்பினோம். காற்றில் கம்பி அதிர்கிற சத்தம் அது என்று அப்பா சொன்னபிறகும் காதை வைப்பதை விடவில்லை.

பீங்கானில் மயிரிழை விரிசல் விட்டாலும் மழை நாளில் மின்னோட்டம் ஈரத்தின் வழியாகக் கம்பத்தில் இறங்கி மண்ணுக்குப் போய்விடும். மறுமுனையில் பேச்சு தேய்ந்து தேய்ந்து நின்றுபோகும். வெயிலில் கம்பி நீண்டு தொய்யும். ஆடிக் காற்றில் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். காக்காய் கூடு கட்ட எங்கிருந்தோ கட்டுக்கம்பி பொறுக்கிவந்து சட்டத்தின் மேல் வைக்கும். செம்புக் கம்பியை இரவோடு இரவாக வெட்டிக்கொண்டு போகிறவர்களும் இருந்தார்கள். எங்கே கோளாறு என்று தெரியாது. ஒரு டெலிபோனையும் இரண்டு ஒயரையும் தோளில் மாட்டிக்கொண்டு, ஒரு கம்பத்தில் ஏறிக் கம்பியில் மாட்டி, எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும். இதுவரை லைன் நன்றாக இருக்கிறது என்றால் இறங்கி இன்னும் தூரம் போய் இன்னொரு கம்பத்தில் ஏற வேண்டும். ஓட்டப்பிடாரம் போகும் வழியில் பாதி நாள் சைக்கிளிலேயே போய்விடும். ஊரில் அவருக்குப் பெயரே லைன்மேன் அண்ணாச்சிதான். சொந்தப் பெயர் தாசில்தார் ஆபீஸ் காகிதத்துக்கு மட்டும் பயன்பட்டது.

சென்னையில் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வந்தது 1882இல். ஆபரேட்டர் இல்லாமல் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு நேரே சுழற்றிப் பேசும் எஸ்.டி.டி. வசதி இந்தியாவில் முதலில் வந்தது 1960இல், கான்பூருக்கும் லக்னோவுக்கும் நடுவே. எங்கள் ஊருக்கெல்லாம் அது வர வெகுகாலம் ஆயிற்று. அதுவரை ட்ரங்க் கால்தான். சாதாரணம், அர்ஜென்ட், லைட்னிங் என்று மூன்று தரம். தரம் ஏற ஏறக் கட்டணம் பல மடங்கு. பருத்தி வியாபாரி காலையில் பம்பாய்க்குப் புக் பண்ணுவார். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனால் எங்கே லைன் கிடைத்துவிடுமோ என்று கடையிலேயே இலை போட்டுச் சாப்பிடுவார். கிடைத்ததும் தெருவே கேட்கும்படி கத்துவார். 'லைன்ல இருங்க, லைன்ல இருங்க' என்று ஆபரேட்டர் நடுவில் சொல்வார். அந்த 'இருங்க' என்பதில் ஒரு மரியாதை இருந்தது. இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர், நடுவில் மதுரையில் ஒரு ஆபரேட்டர், வழியில் எங்கோ கம்பத்தில் தொங்கும் என் அப்பா. ஒருவர் பேசுவதற்கு இத்தனை பேர் விழித்திருந்தார்கள்.

டெலிபோன் வேண்டுமென்று எழுதிக் கொடுத்தவர்கள் வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். ஓ.ஒய்.டி. என்று ஒரு ஏற்பாடு இருந்தது. பெரிய தொகையை முன்பணமாகக் கட்டினால் வரிசையில் முன்னால் வரலாம். எங்கள் வீட்டுக்கு டெலிபோன் வந்தது அப்பா ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்புதான். எத்தனையோ வீடுகளுக்கு ஒயர் இழுத்து, சுவரில் துளை போட்டு, 'ஹலோ, டெஸ்டிங்' என்று முதல் வார்த்தை பேசிக் கொடுத்தவர் அவர்.

பாட்டி இறந்தபோது நடந்ததை அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அத்தைக்குத் தந்தி கொடுத்தோம். தந்தி மலைக்குப் போய்விட்டது, எஸ்டேட் ஆபீஸ் வரைக்கும் போய்விட்டது. ஆபீசிலிருந்து அத்தை இருந்த லைனுக்கு ஒரு மலை இறங்கி ஏற வேண்டும். மறுநாள் சாயங்காலம் கொழுந்து எடைபோடுகிற இடத்தில்தான் சேதி அத்தை கைக்கு வந்தது. அவர் வந்து சேர்ந்தபோது சுடுகாட்டுக் காரியமெல்லாம் முடிந்திருந்தது. 'இத்தனை கம்பத்துல ஏறி இறங்குனேன், எங்க அக்காவுக்குச் சொல்ல ஒரு லைன் இல்லையே' என்பார் அப்பா. இங்கே ஒரு லைன், அங்கே ஒரு லைன், இரண்டுக்கும் நடுவே ஒரு மலை. 2013 ஜூலையில் தந்தி சேவையை அடியோடு நிறுத்தினார்கள். டி.வி. செய்தியில் அதைக் காட்டியபோது அப்பா எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

அத்தையின் லைனுக்குப் போகிற வழியும் ஒரு லைன்தான். கோவில்பட்டியில் ரயிலேறி மதுரை, மதுரையிலிருந்து போடி லைன். உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி தாண்டிப் போடிநாயக்கனூரில் போய் நிற்கும் மீட்டர்கேஜ் பாசஞ்சர். கைக்குழந்தை, அரிசிச் சிப்பம், கருப்பட்டிப் பெட்டி, உயிரோடு கோழி என்று மலைக்குத் திரும்புகிறவர்கள் நிறைந்திருப்பார்கள். அங்கிருந்து போடிமெட்டு ஏறும்போது பஸ்ஸில் பாதிப் பேர் வாந்தியெடுப்பார்கள். அந்த ரயில் பாதையை அகலப்பாதை ஆக்குவதற்காக 2010 டிசம்பர் கடைசியில் மூடினார்கள். மறுபடியும் போடிக்கு ரயில் வந்தது 2023 ஜூனில். அதற்குள் அந்த ரயிலை நம்பியிருந்த தலைமுறை ஒன்று கடந்துபோய்விட்டது.

லைன் என்றால் ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள். வீடு என்பது ஓர் அறை, பின்னால் ஓர் அடுப்படி. தகரக் கூரை, கரி பிடித்த சுவர், முன்னால் நீள நெடுக ஒரே திண்ணை. ஒரு வீட்டில் குழந்தை இருமினால் நாலாவது வீட்டிலிருந்து கசாயம் வரும். ஒரு வீட்டில் புருஷன் அடித்தால் லைன் முழுக்கத் தெரியும். அத்தை போய்க் கதவைத் தட்டுவார். காலையில் சங்கு ஊதும். இடுப்பில் படங்கு கட்டி, தலையில் கம்பளியைப் போட்டுக்கொண்டு பெண்கள் பேர் கொடுக்க மஸ்டருக்கு ஓடுவார்கள். எனக்கு அந்த லைன் பிடித்திருந்தது. லீவுக்குப் போகும் பையனுக்குப் பனியும் பச்சையும் பிடிக்காமல் இருக்குமா? அங்கே மழைக்காலம் முழுதும் இருந்து, ஈரத் துணியை அடுப்புக்கு மேல் காயப்போட்டு, அட்டைக் கடிக்கு உப்புத் தடவி வாழ்ந்தவர்களுக்கு அது என்னவாக இருந்தது என்பது பிறகுதான் புரிந்தது.

மூணாற்றில் மலையாளத்தில் லயம் என்பார்கள். வயநாட்டில் பாடி. இலங்கை மலையகத்தில் லயன். எந்தப் பெயராக இருந்தாலும் விதி ஒன்றுதான்: வேலை இருக்கும்வரை வீடு. ரிட்டயர் ஆனால், சர்வீஸ் பணத்தை வாங்கிக்கொண்டு அறையைக் காலி செய்து கொடுக்க வேண்டும். முப்பது, நாற்பது வருஷம் வாழ்ந்த அறைக்கும் அவர்களுக்கும் அன்றோடு உறவு முடிந்தது. அதனால் எல்லாக் குடும்பமும் ஒரே வழியைக் கண்டுபிடித்து வைத்திருந்தது. பிள்ளைகளில் ஒருவராவது தோட்டத்தில் பேர் பதிந்துகொள்ள வேண்டும். அப்படிப் பதிந்தால் அறை குடும்பத்தோடு நிற்கும். நன்றாகப் படிக்கிற பிள்ளை கீழே போகும். யாரோ ஒரு பிள்ளை அறைக்காகக் கூடையைத் தூக்கும். யார் அந்தப் பிள்ளை என்று முடிவு பண்ணுகிற நாள் எந்த வீட்டிலும் சந்தோஷமான நாளாக இருந்ததில்லை. அத்தை வீட்டில் அது அத்தை மகளுக்கு வாய்த்தது. என்னைவிட அவள் கணக்கில் கெட்டி.

இந்த லைன் கட்டிடம் மூணாற்றில் பிறந்ததில்லை. இலங்கையில் காப்பித் தோட்டக் காலத்திலேயே கங்காணிகள் தமிழ்நாட்டிலிருந்து ஆள் பிடித்துப் போனார்கள். 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்டார். 1869இல் காப்பி இலையில் பூஞ்சை நோய் விழுந்தது. பத்திருபது வருஷத்தில் மலை முழுதும் தேயிலையாயிற்று. பயிர் மாறியது, லயன் மாறவில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை என்று இன்றும் மலையகத்தார் அதை அளவோடுதான் சொல்வார்கள். 1948இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் அந்த அறையில் இருந்தவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் ஸ்ரீமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். ஒன்பதே முக்கால் லட்சம் பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பங்கு வைத்தார்கள். லயனில் இருந்த யாரையும் கேட்கவில்லை.

சாஸ்திரியைப் பற்றி எங்கள் ஊரில் இன்னொரு நினைவும் உண்டு. விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம், அரியலூர் வழியாகத் திருச்சி வருவதற்குக் கார்டு லைன் என்று பெயர். தஞ்சாவூர் சுற்றி வருவது மெயின் லைன். 1956 நவம்பர் 23 அதிகாலையில் கார்டு லைனில் மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் போய், தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்தது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். எங்கள் ஊர் வழியாக வரும் வண்டி அது. ரயில்வே மந்திரியாக இருந்த சாஸ்திரி பதவியை விட்டு விலகினார். அந்த ராஜினாமாவை அப்பா பெரிதாக மதித்தார். அத்தைக்கு அதே சாஸ்திரியைப் பற்றி வேறு நினைப்பு, ஏனென்றால் ஒப்பந்தத்தில் திரும்பி வந்த உறவுக்காரர்கள் பலர் இருந்தார்கள். அவர்களில் சிலருக்கு நீலகிரியில், கூடலூர், கோத்தகிரிப் பக்கம், அரசு தேயிலைத் தோட்டங்களில் வேலை கொடுத்தார்கள். கடலைத் தாண்டி வந்தவர்களுக்குக் கிடைத்த வீடு மறுபடியும் லைன். இரண்டு நினைவும் எனக்கு உண்மை. ஒன்றை வைத்து இன்னொன்றைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

ஊரில் இருந்த மற்ற லைன்களை வேகமாகச் சொல்லிவிடலாம். கடலைமிட்டாய் ஏற்றிக்கொண்டு கடை கடையாகப் போகிற வண்டி லைன் வண்டி. 'மொதலாளி லைனுக்குப் போயிருக்காரு' என்றால் சரக்குப் போட்டுப் பணம் வசூலித்துக்கொண்டு வருகிறார். வாரக் கடன் கொடுத்து வட்டி பிரிப்பவர் போகிற தெருக்களும் லைன்தான். திருப்பூர், கோயம்புத்தூர் போனவர்கள் லைன் வீட்டில் குடியிருந்தார்கள். காலேஜ் வாசலில் நின்றவர்களும் 'லைன்' அடித்தார்கள். அந்தப் பேச்சில் பெண்ணின் சம்மதத்துக்கு இடமே இல்லாமல் இருந்தது என்பதால் அதை ஆசையாக நினைத்துப் பார்க்க எனக்கு ஒன்றுமில்லை.

மண்ணெண்ணெய் லைனையும் தண்ணி லைனையும் அப்படித் தாண்டிப் போக முடியாது. அடுத்த தெருக் குழாயில் தண்ணீர் வருவதற்கு முன்னால் பானைகளும் குடங்களும் வரிசையில் வந்து உட்கார்ந்துவிடும். குடம் இல்லாதவர்கள் ஒரு கல்லை வைப்பார்கள். அந்தக் கல் யாருடையது என்று எல்லாருக்கும் தெரியும். அதைத் தள்ளிவிட்டு யாரும் முன்னால் போக மாட்டார்கள். தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற பெண்கள் குச்சி அடுக்குகிற நேரத்தை இழந்து அந்த லைனில் நின்றார்கள். சண்டை வந்தது, வாய் நாறியது, ஆனால் கைப்பிள்ளைக்காரி வந்தால் வழி விட்டார்கள். கால் வலிக்கிற கிழவிக்குப் பதிலாகப் பக்கத்து வீட்டுப் பெண் குடம் நகர்த்தினாள். கல்யாணப் பேச்சுகூட அங்கே தொடங்கியிருக்கிறது. லைனில் நிற்பது கஷ்டம்தான். நிற்கிறவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள் என்பதும் நடந்ததுதான்.

லைன் கிளியர் என்ற சொல்லைச் சொல்லாமல் விட முடியாது. அந்தக் காலத்தில் ஒற்றைத் தண்டவாளத்தில் அடுத்த ஸ்டேஷன் மாஸ்டர் லைன் கிளியர் கொடுத்தால்தான் இந்த ஸ்டேஷனில் உள்ள எந்திரத்திலிருந்து இரும்புக் குண்டு வெளியே வரும். அதைத் தோல் பையில் போட்டு, பிரம்பு வளையத்தில் கட்டி, ஓடுகிற ரயிலுக்கு நீட்டுவார்கள். குண்டு கையில் இருந்தால் எதிரே வண்டி வராது என்று டிரைவர் நம்பிப் போகலாம். மின்வாரியத்திலும் இதே சொல். வேலை செய்கிறவர் பேரில் லைன் கிளியர் எழுதி வாங்கி, லைனை அணைத்து, கம்பியை மண்ணோடு இணைத்து எர்த் போட்டபிறகுதான் கம்பத்தில் ஏற வேண்டும். வேலை முடிந்ததும் வாங்கியவர் திரும்ப எழுதிக் கொடுத்தால்தான் மறுபடி மின்சாரம் விட வேண்டும். ஓர் ஆள் உயிரை இன்னோர் ஆள் கையெழுத்து காக்கிறது. கல்யாணத்துக்கு மாமனார் சரி சொன்னாலும் 'லைன் கிளியர்' என்கிறோமே, அந்தச் சொல்லுக்குள் இவ்வளவு இருக்கிறது.

எங்கள் தெருவில் மின்வாரிய ஹெல்பர் ஒருவர் இருந்தார். புயலடித்து ஓய்ந்த ஒரு ராத்திரி, அணைத்த லைனில் வேலை பார்க்கும்போது கரண்ட் அடித்து இறந்தார். எங்கோ ஓடின ஜெனரேட்டரிலிருந்து கரண்ட் திரும்பி லைனுக்குள் வந்திருக்கிறது. மெயினை முழுதாகப் பிரிக்காமல் ஜெனரேட்டரை மாட்டினால் அப்படித்தான் ஆகும். வீட்டு மின்சாரம் டிரான்ஸ்பார்மர் வழியாக ஏறி உயர் அழுத்தமாகவே கம்பிக்குப் போய்விடும். அந்தத் தெருவுக்கு அன்று விடியும்முன் விளக்கு வந்துவிட்டது. இன்றைக்கு வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர், கூரைக்குக் கூரை சோலார். அதை முறையாக மாட்டியிருக்கிறோமா என்று பார்த்துக்கொள்வது, கம்பத்தில் ஏறுகிற மனுஷனுக்கு நாம் கொடுக்கவேண்டிய லைன் கிளியர்.

இப்போது ஆன்லைன். வரிசையே இல்லாமல் போயிற்று என்று என் பேரன் வயசுப் பிள்ளைகள் சொல்கிறார்கள். ரயில் டிக்கெட் ஆன்லைன், கரண்ட் பில் ஆன்லைன், சாதிச் சான்றிதழ் ஆன்லைன். நல்லதுதான், ஒரு சான்றிதழுக்காக ஒரு வாரக் கூலியை விட்டு அலைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் இ-சேவை மைய வாசலில் காலையிலேயே போய்ப் பாருங்கள். ஆன்லைனில் போடுவதற்காக லைனில் நிற்கிறார்கள். போன் இல்லாதவர்கள், போன் இருந்தும் நம்பர் மாறிப்போனவர்கள், ஓ.டி.பி. மகனுடைய போனுக்குப் போய், மகன் திருப்பூரில் மிஷினில் இருப்பதால் அது கிடைக்காதவர்கள். 'சர்வர் இல்லை, நாளைக்கு வாங்க' என்றால் யாரைக் கேட்பது? மதுரை ஆபரேட்டரிடம் சண்டை போடலாம், கெஞ்சலாம், 'சாவுக் காரியம் தாயி' என்று சொல்லலாம். சர்வரிடம் எதைச் சொல்வது?

ரேஷன் கடையில் 2020இலிருந்து ரேகை வைத்தால்தான் பொருள். தீப்பெட்டி ஆபீசிலும் தோட்டத்திலும் விரல் தேய்ந்தவர்களுக்கு ரேகை விழுவதில்லை. கையைத் துடைத்து, எண்ணெய் தேய்த்து, வேறு விரலை வைத்து, மறுபடி வைத்து நிற்கிறார்கள். வாழ்நாள் முழுதும் உழைத்ததால் அழிந்த ரேகை அது. பின்னால் நிற்கிறவர்கள் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கல்லை வைத்துவிட்டுப் போன காலத்தில் அந்தக் கிழவியை எல்லாருக்கும் தெரிந்திருந்தது. இன்று அவர்தான் அவர் என்று மிஷின் சொல்ல வேண்டியிருக்கிறது. மாற்று வழி உண்டு என்று விதியில் இருக்கிறது. கடைக்காரருக்கு மனமும் நேரமும் இருந்தால் அது நடக்கிறது.

அப்பாவின் இலாகா 1985இல் தபால், தொலைத்தொடர்பு என்று இரண்டாயிற்று. 2000 அக்டோபரில் தொலைத்தொடர்புப் பக்கம் பி.எஸ்.என்.எல். நிறுவனமாயிற்று. 2020 ஜனவரி 31 அன்று விருப்ப ஓய்வில் ஒரே நாளில் சுமார் 78,000 பேர் வெளியே வந்தார்கள். அப்பாவிடம் ஏணி பிடித்துப் பழகியவர்களும் அதில் உண்டு. இப்போது வீட்டுக்கு ஃபைபர் இழுக்க வருகிற பையன்கள் ஒப்பந்தக்காரரின் ஆட்கள். மாதச் சம்பளம் என்று கிடையாது, கனெக்ஷனுக்கு இவ்வளவு என்று கூலி. சேஃப்டி பெல்ட் இல்லாமல் மின்கம்பத்தில் ஏறுகிறார்கள். ஒரு பையனிடம் கேட்டேன், 'உங்க வீட்ல ஃபைபர் இருக்கா தம்பி?' 'எங்க ஊருக்கு இன்னும் வரலை சார்' என்றான்.

இனி மலைக்கு வருகிறேன். குண்டலைப் பள்ளத்தாக்கில் நூறு வருஷத்துக்கு முன்பே ரயில் ஓடியது. 1902இல் ஒற்றைத் தண்டவாள வண்டி, 1908இல் இரண்டடி அகலத் தண்டவாளம். தேயிலைப் பெட்டிகள் மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை அதில் போய், அங்கிருந்து கம்பிவடத்தில் கீழே கொட்டகுடிக்கு இறங்கின. 1924 ஜூலை வெள்ளம் அந்த லைனை அடித்துக்கொண்டு போயிற்று, பிறகு போடவில்லை. டாப் ஸ்டேஷன் என்ற பெயர்தான் மிச்சம். தேயிலைக்கு அன்றைக்கே லைன் இருந்தது. பறித்தவர்களுக்குக் கால்நடைதான்.

2015 செப்டம்பரில் மூணாற்றுத் தோட்டப் பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு ரோட்டில் உட்கார்ந்தார்கள். பெம்பிளை ஒருமை என்று அதற்குப் பெயர். தொழிற்சங்க ஆண் தலைவர்களைக் கிட்டே சேர்க்காமல், தங்கள் வாயாலேயே பேசினார்கள். நாள் கூலி 232 ரூபாயை 500 ஆக்கு, 20 சதவீதம் போனஸ் கொடு என்றார்கள். அத்தை மகள் அந்தக் கூட்டத்தில் இருந்தாள். தொலைக்காட்சியில் முகம் முகமாகத் தேடினேன், தென்படவில்லை. ராத்திரி போனில் பேசினாள். தொண்டை கட்டியிருந்தது. 'ஒத்த ரூமுல நாலு பேரு எப்பிடிப் படுப்பீங்கன்னு கேமராக்காரங்க கேக்குறாங்க அத்தான். அவங்களைக் கூட்டிட்டுப் போயி லைனைக் காட்டினோம்' என்றாள். போனஸ் கிடைத்தது, கூலி பிறகு 301 ஆயிற்று. லைன் அப்படியே இருந்தது.

2020 ஆகஸ்ட் 6 ராத்திரி, ராஜமலைப் பக்கம் பெட்டிமுடியில் மலை சரிந்தது. மேலேயிருந்து வந்த மண்ணும் பாறையும் கீழே வரிசையாக இருந்த லயங்களை மூடின. 70 பேர் போனார்கள். நாலு பேர் உடல் கிடைக்கவே இல்லை. பெரும்பாலானவர்கள் எங்கள் பக்கத்து வேர் உள்ளவர்கள், அதிலும் கயத்தாற்றுக்காரர்கள் அதிகம். மலையில் மழையால் கரண்ட் இல்லை. கரண்ட் இல்லாததால் மொபைல் டவர் ஓடவில்லை. பிழைத்தவர்கள் அந்த மழையில், இருட்டில் ராஜமலைக்கு நடந்து போய்த்தான் சொன்னார்கள். ராத்திரி பதினொரு மணி வாக்கில் நடந்தது வெளியுலகத்துக்கு விடிந்தபிறகுதான் தெரிந்தது. வழியில் பெரியவரையில் பாலம் சேதமாகியிருந்ததால் மீட்பு வண்டிகள் போவதும் தாமதமாயிற்று. கரண்ட் லைன், போன் லைன், ரோடு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அற்றுப்போய், கடைசியாக மிஞ்சிய வீட்டு லைன் மேல் மலை விழுந்தது.

அத்தை குடும்பம் வேறு எஸ்டேட். எனக்கு அது தெரியும். ஆனாலும் அன்று முழுதும் போன் போட்டுக்கொண்டே இருந்தேன், 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்று ஒரு குரல் திரும்பத் திரும்பச் சொன்னது. அப்பா இருந்திருந்தால் எந்தக் கம்பத்தில் கோளாறு என்று தேடிக் கிளம்பியிருப்பார். அன்றைக்குத் தேடிப் போவதற்குக் கம்பமே இல்லை. நாலு வருஷம் கழித்து 2024 ஜூலை 30 அதிகாலை வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை சரிந்தபோதும் மண்ணுக்கடியில் போன வீடுகளில் தோட்டப் பாடிகள் இருந்தன. சரிவுக்குக் கீழே, ஓடைக்குப் பக்கத்தில் ஆட்களை வரிசையாகக் குடிவைத்தது வெள்ளைக்காரர் காலத்து ஏற்பாடு: தண்ணீர் பக்கத்தில், வேலை பக்கத்தில், கட்டச் செலவு குறைவு. அந்த ஏற்பாட்டை இன்றைய மழையோடு வைத்து மறுபடி பார்க்க வேண்டும் என்று கேட்பது பெரிய கோரிக்கை இல்லை. எந்தெந்த லைன் எந்தச் சரிவின் கீழ் இருக்கிறது என்று அங்கே கொழுந்தெடுக்கிற எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வாள். கரண்ட் போனாலும் ஒரு ராத்திரியாவது ஓடும்படி டவருக்குப் பாட்டரி வைப்பதும், வேலை முடிந்த அன்றே வீடும் முடிந்தது என்கிற விதியை எடுப்பதும் நம் காலத்தில் நடக்கக்கூடியவைதான்.

அத்தை மகள் வருகிற மே மாதம் ரிட்டயர் ஆகிறாள். கயத்தாற்றில் மூன்று சென்ட் வாங்கி, பாதிச் சுவர் எழுப்பி நிற்கிறது. மகன் கோயம்புத்தூரில் ஒரு பம்பு கம்பெனியில் இருக்கிறான். அறையை விட்டால் கட்டுகிற வீடு முடியும்வரை போக இடமில்லை என்பதால், மருமகள் பேரை மஸ்டரில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பி.காம். படித்த பெண். போன வாரம் பேசினேன். வீடியோவில் முகம் நின்று நின்று வந்தது. அறைக்குள் சிக்னல் இல்லையென்று திண்ணையின் கடைசிக்கு வந்து நின்று பேசினாள். 'ரெண்டே வருசந்தான் மாமா. வீட்டு லோனுக்கு ஆன்லைன்ல போட்டிருக்கேன், அது வந்திருச்சுன்னா இறங்கிருவோம்' என்றாள். நிரந்தர முகவரி என்ற இடத்தில் லைன் நம்பரைப் போட்டால் பேங்கில் ஒத்துக்கொள்வார்களா என்று கேட்டாள். கயத்தாற்று மனையின் பத்திர நம்பரைப் போடச் சொல்லியிருக்கிறேன்.